சின்னவள் இல்லாத பக்கங்கள்

மறக்காமல் இருப்பதுதான் அவளுடைய வேலை.

தொலைக்காட்சித் தொடரில் ஒரு காட்சியின் பாதியை இன்று எடுப்பார்கள், மீதியை மூன்று நாள் கழித்து எடுப்பார்கள். இன்று நடிகையின் சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தால் மூன்று நாள் கழித்தும் அது திறந்திருக்க வேண்டும். டம்ளரில் பாதி தண்ணீர் என்றால் பாதிதான். இதையெல்லாம் பார்த்து நோட்டில் எழுதி வைப்பவள் அவள். படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்குப் பெயர் நோட்டக்கா. அறுபது வயது லைட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு நாற்பத்தேழு.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு சலவைக் கடைக் கவுண்டரில் நின்றவள். துண்டுச் சீட்டு தொலைந்து போனாலும், காலர் உள்பக்கம் மாற்றுக் கலரில் நூல் ஓடிய சட்டை யாருடையது என்று சொல்லிவிடுவாள். துணி போட வந்த, நடிகர்களின் உடையைக் கவனிக்கும் ஒரு காஸ்ட்யூமர் அதைப் பார்த்து அசந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

தொடர் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அக்கா தங்கை இருவர், அவர்களுடைய அம்மா, வகுப்புத் தோழர்கள், சண்டைகள், பரீட்சைகள். அக்காவாக நடித்தவளுக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு. தளத்தில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடும் வழக்கமில்லை. அவர்கள் மூத்தவள், சின்னவள். அவ்வளவுதான்.

நோட்டக்காவின் நோட்டில் பொத்தானுக்கும் டம்ளருக்கும் இடம் உண்டு. மனசுக்கு இல்லை. முதல் அறுபது எபிசோடுகளில் மூத்தவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் குரல் உடையும். தொண்ணூறாவதில் ஆசிரியையின் கண்ணைப் பார்த்துக் கொண்டே சரளமாகப் பொய் சொன்னாள். தங்கைக்குக் காய்ச்சல் என்று பரீட்சையையே விட்டவள், நூற்று முப்பதில் தங்கையின் புத்தகத்தைக் கிழித்தாள். ஏன் என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது நோட்டக்காவின் சொந்த அக்காதான். ஓய்வுபெற்ற தபால் ஊழியர். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு எபிசோடு விடாமல் பார்ப்பவள்.

"ஏன்டி, அந்தப் பொண்ணுக்கு என்ன, சொந்தமா ஒரு புத்தியே கிடையாதா? நேத்து வரைக்கும் ஆட்டுக்குட்டி. இன்னிக்கு ஓநாய்."

"ரைட்டரை மாத்திட்டாங்கக்கா."

"ரைட்டர் மாறினா ரத்தம் மாறிடுமா? நீ பொத்தானை எண்ணிட்டு இரு. அங்க ஆளே மாறிப் போச்சு."

நோட்டக்கா சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

நூற்று நாற்பத்திரண்டாவது எபிசோடு ஒளிபரப்பான நாள் அக்கா சிரிக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எல்லாரும் ஏன் கீழே பாத்துப் பேசறாங்க?"

நோட்டக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். திரையில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். மூத்தவள் பதில் சொன்னாள். இருவர் பார்வையும் நாலடி உயரத்தில், இருவருக்கும் நடுவில், யாரும் இல்லாத ஓர் இடத்தில் நிலைகுத்தி நின்றது. அம்மா அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு சின்ன விரல் நுனி வந்து மூத்தவளின் சட்டை விளிம்பைப் பிடித்தது. அரை நொடிதான். காட்சி வெட்டப்பட்டுவிட்டது.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"யாருடி அது?"

அது சின்னவள். அந்தக் காட்சியில் அவள் இருந்தாள், வசனமும் பேசினாள். நோட்டக்கா பக்கத்திலேயே நின்று எழுதினாள். இப்போது அவளை வெட்டி எடுத்திருந்தார்கள், விரலை மட்டும் விட்டுவிட்டு.

சின்னவள் கடைசியாகத் தளத்துக்கு வந்து அப்போது இருபது நாள் ஆகியிருந்தது. மாடிப்படிக் காட்சி எடுத்த அன்று விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கம்பெனி கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், குணமானதும் வருவாள் என்றார்கள். அவ்வளவுதான் நோட்டக்காவுக்குத் தெரியும்.

மறுநாள் மேக்கப் அறையில் மூத்தவள் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். மேக்கப் அம்மா அவள் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சின்னவ கூடப் பேசினியா? கை எப்படி இருக்காம்?" என்று கேட்டாள் நோட்டக்கா.

கண்ணாடிக்குள்ளிருந்து மூத்தவள் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எந்தச் சின்னவ?"

விளையாட்டு என்று நினைத்து நோட்டக்கா மேக்கப் அம்மாவைப் பார்த்தாள். அவளும் பென்சிலை எடுக்காமலே கேட்டாள். "யாரைக்கா கேக்கறீங்க?"

டீக்காரர் அதையே கேட்டார். தொடரில் அம்மாவாக நடிப்பவள், மூன்று வருடம் அந்தக் குழந்தைக்குத் தலை பின்னியவள், "எனக்கு ஒரே பொண்ணுதானே" என்று சொல்லிவிட்டு வசனத் தாளைப் புரட்டினாள். கேலி இல்லை, கண்சிமிட்டல் இல்லை. ஒவ்வொரு வாயிலும் ஒரே கேள்வி, ஒரே நிதானம். மதியத்துக்குள் நோட்டக்காவுக்குத் தன் தலையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றிவிட்டது. தளத்து வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் போய்ப் பார்த்தாள். அதே சட்டம், அதே ஆணி. படத்தில் அம்மாவும் மூத்தவளும் மட்டும் நின்றார்கள்.

லைட்டுக்காரர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "இந்த செட்டுல ஏதோ இருக்குக்கா. ஒரு வாரமா பல்பு தானா போகுது. எதையும் கேக்காதீங்க."

அவள் அடுக்களை வாசலுக்கு நடந்தாள். அந்த நிலைச்சட்டத்தில் மகள்கள் இருவரின் உயரத்தையும் அம்மா வருடாவருடம் பென்சிலால் குறித்து வைப்பதாகக் கதை. இரண்டு வரிசைக் கோடுகள். இடது வரிசை இருந்தது. வலது பக்கம் மொழுமொழுவென்று சந்தன நிறம். கையை வைத்தாள்.

பெயின்ட் விரலில் ஒட்டியது.

அந்த ஒட்டலில்தான் அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. பேய்க்கு பிரஷ் பிடிக்கத் தெரியாது. இதை ஒருவன் சொல்லி இன்னொருவன் செய்திருக்கிறான், அதுவும் இன்று காலையில். தளத்தில் இருக்கும் நாற்பது பேரை உட்காரவைத்து யாரோ பாடம் சொல்லியிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நாற்பது பேரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். உலகத்தில் ஆவி பிசாசு என்று நடுங்கவைத்த கதைகளில் முக்கால்வாசிக்குப் பின்னால் இப்படி ஒரு மேனேஜர் இருந்திருப்பான்.

தொடர் எடுக்கும் கம்பெனியின் மேனேஜர் அன்று மாலை அவளை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நோட்டக்கா, அந்தப் பாப்பாவோட அப்பா தொழிலாளர் ஆபீஸ்ல புகார் குடுத்திருக்காரு. காலையில அஞ்சு மணிக்கு வரவச்சோமாம், பதினோரு மணி நேரம் வேலை வாங்கினோமாம், மயங்கி படியில விழுந்துச்சாம். நாம பதில் குடுத்துட்டோம். அந்தப் பாப்பா அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சீரியலை விட்டு நின்னுடுச்சுன்னு. செட்டுல யார் கேட்டாலும் அப்படி ஒரு பாப்பாவே தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்கோம்."

"ஆஸ்பத்திரியில என்ன எழுதியிருக்கு சார்?"

"வீட்டுப் படியில விழுந்ததா. நம்ம டிரைவர் அப்படித்தான் சொன்னாரு. எழுதிக்கிட்டாங்க." அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். "திங்கக்கிழமை விசாரணை. தளத்து நோட்டைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. உங்க பத்தொன்பதாவது நோட்டு. அதை மட்டும் திருப்பி எழுதிடுங்க. அந்தப் பாப்பா இல்லாம."

புதிய நோட்டுதான். ஆனால் அதன் மூலைகள் ஏற்கெனவே தேய்க்கப்பட்டிருந்தன. அட்டையில் டீ டம்ளர் வட்டக்கறை, அவளுடைய பத்தொன்பதாவது நோட்டில் இருந்த அதே இடத்தில். யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். அவள் செய்யும் வேலையை அவளைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்.

"கதையிலயும் சரி பண்ணிட்டோம்" என்றார் மேனேஜர். "மூத்தவளைக் கொஞ்சம் கெட்டவளா மாத்தினோம். பாசக்கார அக்கான்னா தங்கச்சி எங்கன்னு ஜனங்க கேப்பாங்க. தங்கச்சியைப் பிடிக்காதவ கேக்க மாட்டா பாருங்க."

"நூத்தி முப்பதுலயே மாறிட்டாளே சார். அப்ப சின்னவ விழவே இல்லையே."

"அப்பவே அவங்க அப்பா ஆறு மணிக்கு அனுப்பு, நாலு மணிக்கு அனுப்புன்னு தொல்லை. எடுத்துடலாம்னு அப்பவே முடிவு. நல்லா யோசிங்க நோட்டக்கா. இந்த வயசுல இன்னொரு இடம் கிடைக்கறது கஷ்டம்."

சாதாரணக் குரலில்தான் சொன்னார். அவள் புதிய நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். சலவைக் கடை மூடி எட்டு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை காலை இரண்டு நோட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். மூன்று மணிநேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

'அம்மா கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்' என்ற வரியை 'ஒரு பாட்டில்' என்று மாற்றினாள். அப்படியானால் அம்மாவின் இடது கை சும்மா இருக்கிறது. அடுத்த ஷாட்டில் அவள் கதவைத் தோளால் தள்ளுகிறாள். கை சும்மா இருக்கிறவள் ஏன் தோளால் தள்ளுகிறாள்? அதையும் மாற்றினாள். தோளால் தள்ளாவிட்டால் அடுத்த ஷாட்டில் அவள் தோளில் தூசி இருக்காது. அந்தத் தூசியை நாலு பக்கம் தள்ளி மூத்தவள் தட்டிவிடுகிறாள். ஒரு குழந்தையை உருவினால் வீடே சரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மறைக்கிறவனுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஒன்பதாம் பக்கம் வந்தபோது அவள் கை நின்றது. எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு வரியிலும் பெரியவர்கள் குனிந்து நின்றார்கள். மூத்தவள் மாடிப்படியின் ஓரமாகவே ஏறினாள், பக்கத்தில் ஒருவர் ஏற இடம் விட்டு. உள்ளங்கை திறந்தபடி கீழே நீட்டியிருந்தது, யாரோ பிடித்துக்கொள்வதற்காக. பெயரை எடுத்துவிட்ட பிறகுதான் அந்தக் குழந்தை பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

அக்கா பின்னால் வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இது என்னடி, எல்லாரும் யாரையோ சுத்தி நிக்கற மாதிரி இருக்கு."

"ஆமாக்கா."

"எனக்கு என்னமோ பண்ணுது. மூடி வை."

அவள் மூடி வைத்தாள். அதற்கு மேல் எழுதவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. பச்சைத் துணி விரித்த நீளமான மேசை, ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி. நடுவில் அதிகாரி, ஒரு பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். ஒரு பக்கம் சின்னவளும் அவள் அப்பாவும். மறுபக்கம் மேனேஜர், கம்பெனி சாட்சியாக மூத்தவள், அவளைப் பெற்ற அம்மா. மூத்தவள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையைச் சின்னவள் மேசைமேல் வைத்திருந்தாள். அந்தக் கை இருந்த பக்கம் மட்டும் மூத்தவளின் கண் போகவில்லை.

"அன்னைக்கு இந்தப் பொண்ணு செட்டுக்கு வந்துச்சாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வரலை மேடம்" என்றாள் மூத்தவள், அதே சரளத்தோடு.

சின்னவள் அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நோட்டு யாருகிட்ட?"

நோட்டக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேனேஜர் அட்டையைப் பார்த்தார், பக்கங்களின் தடிமனைப் பார்த்தார். "அது இல்லக்கா, மத்தது" என்றார் அவசரமாக.

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "மத்ததுன்னா?"

நோட்டக்கா இரண்டாவதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே கறை, ஒரே மூலைத் தேய்மானம். ஒன்று முழுக்க எழுதியிருந்தது, மற்றது ஒன்பதாம் பக்கத்தோடு நின்றது.

"இது நான் அன்னன்னைக்கு எழுதினது. இது என்னை எழுதச் சொன்னது."

"படிங்க."

அவள் படித்தாள். சின்னவள் உள்ளே வந்தது ஐந்து பத்து. மதிய இடைவேளை இல்லை. மாடிப்படி ஷாட் மூன்றரைக்கு ஆரம்பம். டேக் ஐந்தில் சின்னவள் முகம் வெளுப்பு, பவுடர் மாற்றம். டேக் ஆறில் படிக்கம்பியைப் பிடித்தபடி நின்றது, முன் டேக்கில் பிடிக்கவில்லை. டேக் ஏழு, மணி நாலு இருபது.

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம். ஏழுக்கு அப்புறம் முந்தின நாள் போட்டோ வேணும்னு என்னை காஸ்ட்யூம் ரூமுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்தப்ப தரையில கிடந்தா."

மேனேஜருக்குப் பேச்சு திரும்பியது. "அதான் மேடம். அன்னைக்கு வந்திருக்கலாம், எங்க ரிஜிஸ்டர்ல தப்பு இருக்கலாம், ஒத்துக்கறோம். ஆனா ஏழோட ஷூட்டிங் முடிஞ்சிடுச்சு. இவங்க இல்லாம நாங்க ஷாட்டே எடுக்க மாட்டோம். அது எங்க முறை. அப்புறம் படியில விளையாடிச்சோ என்னமோ, குழந்தைதானே."

அது உண்மையும்தான். நோட்டக்கா இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது தளத்து விதி. அதிகாரி பேனாவைத் திறந்து எதையோ எழுத ஆரம்பித்தார்.

"எட்டு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மூத்தவள் இன்னமும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் பாதியில் உடைந்திருந்தது.

"என்னம்மா?"

அவளுடைய அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். மூத்தவள் பிடுங்கிக்கொள்ளவில்லை, பிடித்தது தெரியாதவள்போல் பேசினாள்.

"எட்டாவது டேக் எடுத்தாங்க. நோட்டக்கா வர லேட்டாகும்னு டைரக்டர் சார் எடுக்கச் சொல்லிட்டாரு. தலை சுத்துதுன்னு அவ என்கிட்டதான் சொன்னா. ஒண்ணே ஒண்ணுடி, முடிஞ்சிடும்னு நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினேன். ஏழாவது படியில என் கையை விட்டுட்டா."

அதற்குப் பிறகு அவள் முதல்முறையாக அந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

மேனேஜர் எழுந்தார். "குழந்தை குழம்பிப் போயிருக்கு மேடம்."

"நீங்க உக்காருங்க" என்றார் அதிகாரி. பிறகு தன் தாளில் எழுதினார். எழுதி முடித்துத் தலை நிமிராமல் கேட்டார். "எத்தனை மணி இருக்கும்மா?"

மூத்தவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள்தான் பதில் சொன்னாள்.

"நாலரை, அக்கா."