ஆற்றில் கட்டிய மூங்கில் வாசல்

அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை விடுதியாக மாற்றியபோது, கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அங்கே அறை துப்புரவு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்கள் இரண்டு நாள் இருப்பார்கள், பனிமூட்டத்தைப் படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். அந்தச் சீனப் பெண் மட்டும் பத்து நாள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். தினமும் காலையில் ஆற்றங்கரைப் பாறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் குடையோடு போனேன். "மேடம், ஆத்துல எறங்கிறாதீங்க. பாறை வழுக்கும்ங்க."

அவள் போனை எடுத்து அதில் சீனத்தில் ஏதோ சொன்னாள். போன் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் பேசியது: "தண்ணீர் அடுத்து எங்கே திரும்பும் என்று பார்க்கிறேன். இதுவே என் தொழிலாக இருந்தது."

அந்தப் போன் வழியாகத்தான் அவள் கதை முழுவதும் எனக்குத் தெரிய வந்தது. வேகமாக ஓடும் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, இரண்டிரண்டு கம்புகளாகத் தொங்கவிடுவார்களாம். ஒவ்வொரு சோடியும் ஒரு வாசல். வள்ளத்தில் முழங்காலிட்டு, துடுப்புப் போட்டு, எல்லா வாசலுக்குள்ளும் நுழைந்து வரவேண்டும். கம்பில் எது பட்டாலும் இரண்டு வினாடி தண்டம். சிறுமியாக இருந்தபோது அவள் கை நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். பல வருடம் தனியாக ஓட்டியவளை, பிறகு ஓர் ஆணோடு சோடி சேர்த்தார்கள். இவள் முன்னால், அவன் பின்னால். மூன்று வருடம் அப்படி நாடு நாடாகப் போனார்கள். ஒருநாள் அந்த இரட்டையர் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அவன் ஊருக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை வைத்தான். இவள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாள்.

கேட்கக் கேட்க எனக்கு அந்த வாசலைக் கண்ணால் பார்க்க ஆசை வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கயிறும் இரண்டு மூங்கில் கம்புகளும் கொண்டுவந்து, ஆறு அகன்று மெதுவாகப் போகும் இடத்தில் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டார். லொறி டியூப் ஒன்றையும் காற்றடித்து உருட்டிக்கொண்டு வந்தார்.

அவள் டியூபில் ஏறி, முன்னால் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"ஐயோ, நானா? எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"இடுப்பளவு தண்ணிதான். நான் கீழ நிக்கிறேன், போ," என்றார் அவர்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு அது. அதன் மேலிருந்து பார்த்தபோது வேறு ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் மெல்லப் பின்னால் நகர்ந்தன. பனி எங்களோடு கூடவே வந்தது. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவள் இடப்பக்கம் சாய்ந்தால் நானும் தானாகச் சாய்ந்தேன். மூங்கில்கள் வந்தன, என் இரு தோள்களையும் தொடாமல் கடந்தன. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கரையேறியதும் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்கள் கடைசிப் போட்டியில் கடைசி வாசலில் கம்பு ஆடியது. பதக்கம் போயிற்று. தன் துடுப்பு பட்டதாக அவன் எல்லோரிடமும் சொன்னான். பட்டது என் முழங்கை. நான் வாய் திறக்கவில்லை. இன்று முதல் தடவையாகப் பின்னால் உட்கார்ந்தேன். பின்னால் இருப்பவருக்கு எல்லாம் தெரிகிறது."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே மேடம். சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க."

அவள் அப்போதே குரலைப் பதிந்து அவனுக்கு அனுப்பினாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். கோப்பை ஆறிப்போன பிறகுதான் பதில் வந்தது. ஓர் ஆணின் குரல், பின்னால் பாத்திரச் சத்தம். அவள் கேட்டாள், மறுபடியும் கேட்டாள், முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது.

போன் எனக்காகத் தமிழில் சொன்னது: "இடது முழங்கை. எனக்குத் தெரியும். நீ அன்று ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாய். அதனால் என்னுடையது என்றேன். எப்போது சாப்பிட வருகிறாய்?"

அவள் புறப்பட்ட அன்று கொட்டகலை ஸ்டேஷன் வரை பஸ்ஸில் கூடப் போனேன். ரயில் வரும்வரை இருவரும் போனை எடுக்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினாள். மெதுவாகப் போகும் அகன்ற ஆறு ஒன்றில் ஒரு வள்ளம். முன்னால் அவள். பின்னால் தொப்பை வைத்த ஒருவர். அவர் பாரத்தில் வள்ளத்தின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. எந்த வாசலும் இல்லை. இருவரும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுபோகிற பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.