எலுமிச்சைச் சாறு என்று நம்பிய ஈரம்

எங்கள் முதலாளி வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் திருத்தணி மலைமேல் பூஜை போட்டோம். சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கியதும் இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. "இன்னாடா பார்த்துகினு நிக்கிற? பழச்சாறுதான், ஏறு" என்றார் உடன் வந்த நைனா, முதலாளியிடம் வெகுகாலமாக வேலை பார்ப்பவர். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த நானும் நம்பி ஏறினேன்.

இறக்கத்தின் முதல் வளைவில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. எதிரே காவடியோடு ஜனங்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சுவரோரம் உரசி நிறுத்தினேன்.

அந்த ஈரத்தை அப்போதுதான் தொட்டேன். புளிப்பு வாசனை இல்லை, எண்ணெய்போல் வழவழத்தது. பிரேக் ஆயில் போகும் ஹோஸில் வெடிப்பு. ஹோஸை மாற்றி, புது ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை எடுத்தோம்.

இப்போதெல்லாம் பழம் வைப்பதற்கு முன்பே நான்கு சக்கரங்களையும் தடவிப் பார்க்கிறேன். நைனாவும் கேட்காமல் ஏறுவதில்லை: "சக்கரம் காஞ்சிதான கீது?"