ஹாஸ்டல் கேட்டும் சோப்பு வாசனையும்

அத்த ஏன் கேக்கற பாயம்மா, நேத்து வந்தானே ஒருத்தன், இதோ நீ குந்தினு கீறியே, இதே படிகிட்ட தான் நின்னான். ஸ்கூலு வேனுக்குப் புது டிரைவராம். பழைய ஆளு நின்னுட்டானாம். நாளிக்கு லீவா இருந்தாலும் டேன்சு பிராக்டீசு கீது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து உங்க பேத்திய இட்டுகினு போறேன்னு சொல்லி, போன்ல ஒரு லெட்டரு காட்டினான். எம் மருமவ பட்ச்சிப் பாத்துட்டு, "ஸ்கூலு சீலு கீது அத்தே, கரெக்டு தான்"னுட்டா. எனுக்கு மட்டும் நம்பிக்க வர்ல. கிட்ட போயி நின்னு மூச்ச இழுத்துப் பாத்தேன். ஒண்ணும் தெர்ல. உனுக்குத் தான் தெரியுமே, கொரோனா வந்துட்டுப் போனதுலர்ந்து என் மூக்கு செத்துப் பூட்ச்சி. மல்லிப்பூவும் ஒண்ணு தான், மீன் கழுவுன தண்ணியும் ஒண்ணு தான்.

சிரிக்காத. அந்தக் காலத்துல இந்த மூக்கு தான் எனுக்குச் சோறு போட்டுச்சி. ராயபுரத்துல பொம்பளப் புள்ளிங்க ஹாஸ்டல்ல நான் கேட்டு ஆயா. இட்ப்புல சாவி, கையில கம்பு, போலீசு மாதிரி நிப்பேன். ஞாயித்துக்கெயம அப்பனாத்தா வந்தா நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு வுடணும்னு சட்டம். எனுக்கு எங்க கையெழுத்து பட்ச்சிப் பாக்கத் தெரியும்? நான் ஒரு கணக்கு வெச்சிருந்தேன். டீசலும் கவுச்சியும் கலந்து அட்ச்சா காசிமேட்டு மீன் போட்டுல கடலுக்குப் போற அப்பன். கிட்ட வந்தாலே கண்ணு எரிஞ்சா உரக் கம்பெனி அப்பன். கரிச் சாம்பலு நாறுனா எண்ணூரு கரண்டு கம்பெனி அப்பன். அவனுங்க எத்தினி வாட்டி குளிச்சாலும் காது மடலாண்ட சாம்பலு ஒட்டினு கீது பாரு, அது போவாது. உங்காளுங்க வண்ணாரப்பேட்ட துணிக்கடையிலர்ந்து வந்தா புதுத் துணி கஞ்சி வாசனை, கூடவே அத்தரு. ஒரு வருசத்துல எந்தப் புள்ளிக்கு எந்த வாசனைன்னு மனசுல பதிஞ்சி பூட்ச்சி.

அந்த ஹாஸ்டல்ல ஒரு தகரப் பொட்டி நெறைய இங்கிலீசு கதை புக்கு இருந்திச்சி. அட்டையெல்லாம் கீஞ்சி, கரையான் அரிச்சி. எல்லாமே பொம்பளப் புள்ளிங்க தங்கிப் படிக்கிற ஸ்கூலு கதை தான். சனிக்கெயம மத்தியானம் வராண்டால வரிசையா குந்த வெச்சி பேன் பாப்பேன். அப்போ பெரிய புள்ளிங்க பட்ச்சிகினே தமிய்ல சொல்லுவாளுங்க. ஐஸ்கட்டி மாதிரி வானத்துலர்ந்து கொட்டுமாம். கட்டிலுக்கு அடியில கேக்கு ஒளிச்சி வெச்சித் துன்னுவாளுங்களாம். எனுக்கு அப்டியே எச்சி ஊறும்! எந்தப் பொண்ணு நம்ம எந்தப் பொண்ணு மாதிரி கீறான்னு நானே பேரு மாத்தி வெச்சிடுவேன்.

ஆனா ஒரு கதை மட்டும் எனுக்குப் புடிக்காது. ஒரு பணக்காரப் பொண்ண இட்டுகினு போவ ஒருத்தன் குதிர வண்டில வரான். கையில பொய் லெட்டரு. கேட்டுக்காரன் பல்ல இளிச்சிகினு தொறந்து வுட்றான். "ஏண்டி, எல்லாக் கதையிலயும் கேட்டுக்காரன் தான் கூமுட்டையா கீறான்?"னு கத்துனேன். ஆறாவது படிக்கிற ஒரு வாண்டு, எண்ணூரு சாம்பல் அப்பனோட பொண்ணு, என் மடியில தலைய வெச்சிகினே கேட்டா: "நீயா இருந்தா இன்னா ஆயா பண்ணியிருப்ப?" "மோந்து பாத்திருப்பேன்"னேன். வராண்டாவே சிரிச்சிது. அந்தப் புள்ளி மட்டும் சிரிக்கல. வாரா வாரம் அதே கதையத் தான் கேப்பா. ஏன்னு இன்னிக்கி வரைக்கும் எனுக்குத் தெர்ல.

அப்புறம் ஒரு வெள்ளிக்கெயம. கடலு பக்கம் மானம் கறுத்துகினு வந்திச்சி. ஆர்பருல கப்பலு ஊதிக்கினே கீது, நிக்கவேயில்ல. ஒரு காரு வந்து கேட்டாண்ட நின்னுது. ஆளு எறங்கிட்டான், இஞ்சின மட்டும் நிறுத்தல. அந்த வாண்டோட சித்தப்பனாம். அண்ணங்கூடவே எண்ணூருல வேல செய்யறானாம். "ஷிப்டு முட்ச்சி நேரா வரேங்க. புள்ளையோட அம்மாவுக்கு முடியல, ஆஸ்பத்திரில கீறாங்க"ன்னான். அப்பன் எழுதுன லெட்டருன்னு ஒண்ணு குட்த்தான். வார்டன் டீச்சரு கண்ணாடி போட்டுப் பட்ச்சாங்க. மூஞ்சி அப்டியே எளகிப் பூட்ச்சி. "ஆயா, தொற. பாவம், தாயி."

சாவிய எடுத்துகினு கிட்ட போனேன். குப்புனு சோப்பு வாசனை. சந்தன சோப்பு. சட்டக் காலரு பால் வெள்ளயா கீது. காது மடலப் பாத்தேன், கொயந்தைக்குக் குளிப்பாட்டி வுட்ட மாதிரி சுத்தம். சாம்பல்ல வேல செஞ்சிட்டு நேரா வரவன் மேல எப்டிம்மா சந்தனம் மணக்கும்? என் கை நின்னுட்ச்சி.

அந்தப் புள்ளி துணிப் பையோட ஓடி வருது. "இவரு உன் சித்தப்பனாடி?" "தெர்ல ஆயா, பாத்ததில்ல. அம்மாவுக்கு முடியலையாமே, தொற ஆயா." நான் சாவியத் தூக்கி ஜாக்கெட்டுல போட்டுகினேன். அவ என் கையக் கட்ச்சா, பாயம்மா. இதோ பாரு, இந்த எடம். "எங்கம்மா செத்துட்டா நீ தான் காரணம்"னு கத்துனா. டீச்சரு, "உனுக்கு இன்னா பைத்தியமா?"ன்னாங்க. "அண்ணன இட்டுகினு வாப்பா, அப்ப தொறக்கறேன்"னேன். அவன் என்ன மொறைக்கல, திட்டல. லேசா சிரிச்சான். அந்தச் சிரிப்ப இன்னும் மறக்கல. காரு போன பொறவு தான் மழ பேஞ்சிது.

வெள்ளி ராத்திரிலர்ந்து ஞாயிறு காலைல வரைக்கும் நான் கேட்ட வுட்டு நவுரல. நெசமாவே தாயி செத்துப் பூட்டிருந்தா? ஒரு சோப்ப நம்பி ஒரு புள்ளிய ஆத்தாகிட்ட வுடாம பண்ணிட்டேனா? அந்த வாண்டு செவுத்தப் பாத்துகினே படுத்து கெடந்திச்சி.

ஞாயித்துக்கெயம கேட்டாண்ட சாம்பலு வாசனை. அப்பன். பின்னாடியே தூக்குல வடையோட அம்மா, ஒரு நோவும் இல்லாம கல்லு மாதிரி நிக்கறா! விசயத்தச் சொன்னதும் அந்தாளு தூணப் புட்ச்சிகினு, "எனுக்கு ஏதும்மா தம்பி? நான் ஒத்தப் புள்ளையாச்சே"ன்னாரு. டீச்சரு கையிலர்ந்த நோட்டு கீய வுயுந்திச்சி. குனிஞ்சி அத்த எடுத்துகினே சொன்னாங்க: "ஆயா, இனிமே லெட்டர நான் படிக்கறேன், ஆள நீ மோந்து பாரு." அந்த வாண்டு வந்து, கட்ச்ச எடத்துல எச்சி தொட்டுத் தடவிச்சி. எனுக்கு சந்தோசம் தாங்கல போ, ராணி மாதிரி நின்னேன்! அவன் யாரு, எதுக்கு வந்தான்னு மட்டும் கடசி வரைக்கும் யாருக்கும் தெர்ல.

நேத்து வந்தவனும் அப்டியே தான் சிரிச்சான். மருமவ டூட்டிக்குப் பூட்டா. ஸ்கூலுக்குப் போன் போட்டா லீவு, யாரும் எடுக்கல. உள்ள பாரு, சலங்கையக் கட்டிகினு ரெடியா குந்தினு கீறா என் பேத்தி. "வுடு பாட்டி, எனுக்கு லேட்டாவுது"ன்றா. பத்து வருசமா டீசலு வண்டி ஓட்றானாமே அவன், டீசலு நாறணுமா இல்லியா? அதுக்குத் தான் உன்ன இட்டாந்தேன். அஞ்சு மணிக்கு என் பக்கத்துல நில்லு. உன் மூக்க எனுக்குக் கடன் குடு.

இன்னா மூஞ்ச சுளிக்கற? தீயிற வாசனையா? எங்க வூட்லயா? அய்யய்யோ, கொயம்பு! பாத்தியா, எனுக்கு ஒண்ணும் தெர்லியே… இந்தா, கேட்டு சாவிய நீ இட்ப்புல சொருவிக்க, நான் எறக்கி வெச்சிட்டு ஓடியாறேன். வேனு சத்தம் கேட்டா தொறந்துடாத பாயம்மா. மொதல்ல கிட்ட போயி மூச்ச இழு.