வெள்ளிக்கிழமைக்கு ஒரு காய்

என் மனைவி நர்ஸ். படித்த காலத்தில் ஹாஸ்டலில் செஸ் பழகியிருந்தாள். கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு யோசிக்கப் பொறுமை கிடையாது. அவள் தன் காயிலிருந்து கையை எடுப்பதற்குள் என் காய் நகர்ந்துவிடும். சீக்கிரமே தோற்று, உடனே இன்னொரு ஆட்டம் போடச் சொல்வேன்.

சீர்காழிக்குக் கிழக்கே கடைமடையில் எங்கள் நிலம். அந்த வருஷங்களில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்கால்வரை வரவே இல்லை. நாற்று, நாற்றங்காலிலேயே முற்றிக் காய்ந்தது. தெருவில் ஆண்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் வேலை கிடைத்தது அவளுக்குத்தான். எங்களோடு இருந்த அவளுடைய அம்மாவை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாயங்காலம் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவாள். அத்தையின் சுகர், மழை, நடவு எல்லாம் பேசி முடித்தால் இரண்டு பக்கமும் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போதுதான் செஸ் ஆடலாம் என்றாள். அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. அவளுடைய போன் கார்டில் காசு தீர்வதற்குள் ஆடிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் முன்னைவிட மோசமாக ஆடினேன். ஒருநாள் ராணியைச் சும்மா தூக்கிக்கொடுத்துவிட்டு, இனி ஆடவில்லை என்றேன்.

"வாரத்துக்கு ஒரு காய் மட்டும் சொல்லுங்க. என்ன அவசரம்? நான் எங்கே போயிடப்போறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பலகை கூடத்து மேஜையை விட்டு நகரவில்லை. வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன். முதலில் தோன்றுகிற காயை ஆடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதை ஆடினால் அவள் என்ன செய்வாள் என்று ஒரு நாள் முழுக்க யோசிக்க முடிந்தது. தோற்ற ஆட்டங்களையும் திரும்ப அடுக்கிப் பார்த்தேன். ராணி போன இடத்தில் தப்பு இல்லை. அதற்கு வெகு முன்பே, குதிரையை ஓரத்துக்குத் தள்ளியபோதே ஆட்டம் கெட்டிருந்தது. பலகையில் காய்களைப் பின்னால் எடுத்துவைத்து அந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடிந்தது. அவள் விமானம் ஏறிய நாளுக்கு அப்படிப் போக வழியில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அத்தை சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பதறிப்போய்க் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாஸ்போர்ட் அவள் வேலை பார்த்த இடத்தில் இருந்தது. மாற்று ஆள் வராமல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெயில் காலம், உடம்பை வைத்திருக்கவும் முடியாது. மறுநாள் காலை மாதா கோயிலில் பூசை முடித்து அடக்கம் செய்தோம். அத்தைக்குப் பிள்ளை என்று இருந்தது அவள் ஒருத்திதான். முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கூப்பிட்டாள். எந்தப் புடவை கட்டிவிட்டீர்கள், யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நீங்க என்ன ஆடுனீங்க, சொல்லுங்க" என்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்மா."

"எனக்கு வேற என்னங்க செய்ய முடியும்? சொல்லுங்க."

சாவுக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று மேஜையை ஒதுக்கி, காய்களை அள்ளி டப்பாவில் போட்டிருந்தார்கள். ஆனால் வாரம் முழுக்கப் பார்த்திருந்ததால் ஒவ்வொரு காயும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, யானையை நடுவரிசைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அவள் அழுவது மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனார். கார்டு தீரும்வரை அழுகையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். அவளிடம் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. நல்லா ஆடுனீங்க என்றாள். ஒப்பந்தம் முடியாமல் அவளால் வர முடியவில்லை. அது முடிந்து ஊருக்கு வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கல்லறைக்குத்தான் போனோம். அத்தையின் மேட்டில் புல் மண்டியிருந்தது. அவள் குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினேன்.