முப்பத்தெட்டு நிமிடம் நகராத வாசகி

இணையத்தில் கட்டுரை எழுதுவது, ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டவரிடம் பேச்சுக் கொடுக்கிற மாதிரி வேலை. இன்னொரு செருப்பையும் மாட்டுவதற்குள் அவரை நிறுத்தியாக வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நம் ஆட்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் இல்லாத கூட்டம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ரெஜினா அக்கா சொல்லித்தான் தெரியும். தாம்பரம் மேற்கில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் செய்தித் தளம். அக்கா என் பக்கத்து நாற்காலி. நான் எழுதுவதைத் திருத்துகிறவர். அன்று நான் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வரும் முதல் பட்டம் என்பதால் அப்பாவும் பெயிண்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

அந்த நேரத்தில் எங்கள் ஆசிரியர் சார், சுவரில் இருக்கும் டிவியில் வரைபடத்தைப் போட்டாராம். எந்தக் கட்டுரையில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் வரைபடம். அதில் என் கோடு எப்போதும் தரையோடு தரையாகத்தான் போகும். என் ஆறு மாத புரொபேஷன் முடிவதற்குள், வாசகர்கள் சராசரியாக ஒரு நிமிடமாவது என் கட்டுரையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை கிடையாது. நான் முக்கால் நிமிடத்தில் திணறிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் காலையில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரே ஒருவர் என் மின்தடைச் செய்தியில் முப்பத்தெட்டு நிமிடம் இருந்திருக்கிறார். சின்னத் தளம் இல்லையா, அவர் ஒருவராலேயே என் சராசரி ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. சார் எழுந்து நின்றே சொன்னாராம்: "கரண்ட் கட்டை இந்தப் பொண்ணு நாவல் மாதிரி எழுதியிருக்குய்யா!"

ஷேர் ஆட்டோவில் ஒரு விமர்சகர்

அந்த நாவலுக்கு முன்னால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்தெந்தத் தெருவில் மின்தடை என்ற பட்டியலை முதல் வரியிலேயே போட்டுவிடுவேன். வாசகர்கள் தங்கள் தெருவைப் பார்த்துவிட்டு எட்டே நொடியில் கிளம்பிப் போனார்கள். சார் கூப்பிட்டு, பட்டியலைக் கடைசியில் போடச் சொன்னார். அதற்கு மேலே மின்சாரத்தின் அருமை பற்றி ஆறு பத்தி. எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

அந்த வாரம் ஏரியைப் படம் எடுக்க செம்பாக்கம் போவதற்காக ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நிறையவில்லை. ஓட்டுநர் அண்ணா ஃபோனைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் என் கட்டுரை. "இன்னாம்மா இது? கரண்டு எப்போ போவும்னு பாத்தா, கரண்டு இல்லாம வாழ முடியுமான்னு கதை சொல்லிக்கினு கீறான்" என்றார் என்னிடமே. முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஜன்னலே இல்லாத ஆட்டோவில் ஜன்னலைத் தேடினேன். அவர் விடவில்லை: "எழுதினவன் மட்டும் என் வண்டில ஏறட்டும், அவனயும் இதே மாரி ஏரியச் சுத்திச் சுத்தி இட்டுகினு போறேன்!"

சுடும் படிகள்

அடுத்து தலைப்பில் கை வைத்தோம். 'குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போறீங்களா? இந்த ஒரு தப்பை மட்டும் பண்ணாதீங்க!' அந்தத் தப்பு, உச்சி வெயிலில் வெறுங்காலோடு படி ஏறுவது. அதைப் பத்தாவது பத்தியில் வைத்தேன். வரைபடத்தில் கோடு கொஞ்சம் தலை தூக்கியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கீழே ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "மேடம், உங்க கட்டுரையைப் படிச்சுக்கிட்டே ஏறினேன். தப்பு என்னன்னு தெரியும்போது பாதி மலையில நிக்கிறேன். கால் பொரியுது."

'முடிவாக' என்ற ஆபத்து

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. சில கட்டுரைகளில் வாசகர்கள் கடைசிப் பத்தி வரைக்கும் வந்துவிட்டு, அதன் முதல் சொல்லிலேயே கூட்டமாக வெளியேறினார்கள். ரெஜினா அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பத்திகளையெல்லாம் நான் 'முடிவாக' என்று ஆரம்பித்திருந்தேன். "எங்க சர்ச்ல பாஸ்டர் 'கடைசியா ஒண்ணு'ன்னு சொன்னா போதும், பின்வரிசை மொத்தமும் செருப்பைத் தேடும். நானும்தான். நீ எதுக்கும்மா மணி அடிச்சு அனுப்பிவைக்கிறே?"

வீட்டிலிருந்து ஒரு கை

பட்டமளிப்புக்கு அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலைதான். திங்கட்கிழமை சார் முடிவு சொல்வதாக இருந்தது. எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில். அக்கா ஊரப்பாக்கம் என்று சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே நுழைந்தால், அம்மா மோட்டார் வைத்த மிஷினில் யாருடைய கல்யாணப் பிளவுஸையோ தைத்துக்கொண்டிருந்தாள். ஊக்கு டப்பாவில் சாய்த்து வைத்த ஃபோனில் என் கட்டுரை திறந்திருந்தது. திரை மங்கும்போதெல்லாம் தையலை நிறுத்தாமலே முழங்கையால் அதை ஒரு தட்டு தட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"தெரியலையா? படிக்கிறேன்."

"இப்படியா?"

"நான் எதுக்குடி படிக்கணும்? நீ எழுதினது நல்லாத்தான் இருக்கும்." நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அன்னைக்குக்கூட பாரு, திடீர்னு கரண்ட் போயி மிஷின் நின்னுடுச்சு. ஃபியூஸ் போச்சோன்னு பாக்க எழுந்துட்டேன். இல்லேன்னா ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன்."

என் வேலை அந்த முழங்கையில்தான் நின்றுகொண்டிருந்தது. இனிமேல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "எல்லாரும் சீக்கிரம் போயிடுறாங்கன்னு நீதானேடி அழுதே. நான் போகலை."

கழித்தல்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சொல்லாமல் விட்டால்தான் என்ன என்று யோசித்தேன். ஒரு முழங்கையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் சார் அந்த முப்பத்தெட்டு நிமிடத்தைக் காட்டி மற்றவர்களையும் அதேபோல எழுதச் சொல்லத் தொடங்கியிருந்தார். திங்கட்கிழமை காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "அம்மாவைக் கழிச்சா எவ்வளவு வருது?" நாற்பத்தெட்டு நொடி என்றேன். ரெஜினா அக்கா திரும்பிப் பார்க்காமல் எதையோ மும்முரமாகத் திருத்திக்கொண்டிருந்தார். சார் டிவியில் ஓடிய வரைபடத்தை அணைத்தார். "முடிவை இன்னும் மூணு மாசம் தள்ளிவைக்கிறேன். அதுவரைக்கும் வீட்ல எல்லாரும் வேற எதையாவது படிங்க."

மறுநாள் மின்தடைச் செய்தியில் பட்டியலை முதல் வரிக்கே கொண்டுபோனேன். அதற்குக் காரணம், அம்மாவின் கணக்கைக் கழிக்கும்போது நான் சரிபார்த்த ஒரு விவரம்: அவள் ஃபோனை விட்டு எழுந்தது காலை ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு, அன்று மின்தடை தொடங்கியது ஒன்பது மணிக்கு, முப்பத்தெட்டு நிமிடம் நகராமல் இருந்த என் ஒரே வாசகி தெரிந்துகொண்டிருக்க வேண்டிய எங்கள் தெருவின் பெயரோ, நான் கடைசியில் கொண்டுபோய் வைத்த பட்டியலில் பதினான்காவதாக இருந்தது.