சன்னிதிச் சோறு

தொண்டைமானாற்றில் கேதீஸ்வரியின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர் குறைவு. கரண்ட் பில் கொண்டுவந்தவரைக்கூட ஒருமுறை கூழ் குடிக்கவைத்துத்தான் அனுப்பினாள். இடம்பெயர்ந்து முகாமில் கோப்பையோடு வரிசையில் நின்ற நாட்களில், தன் முறை வரும்போது சோற்றுக் கிடாரம் காலியாகிவிட்டதை அவள் கண்டிருக்கிறாள். அதைப்பற்றிக் கதைக்கமாட்டாள். சோற்றைக் கூடப் போடுவாள், அவ்வளவுதான்.

கணவன் இளையதம்பிக்கு இடுப்பு வருத்தம் வந்து கடலுக்குப் போவது நின்றதும், தனது ஐம்பத்திரண்டாவது வயதில், ஊருக்கு வெளியே பனை வடலிக் காணிக்குள் இருந்த வனவிலங்கு மறுவாழ்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்ட குரங்குகளை மீட்டு, காட்டில் வாழப் பழக்கும் இடம் அது. பழமும் இலையும் வெட்டிக் கூட்டுக்குள் வைப்பது அவள் வேலை. ஒரு சட்டம் மட்டும் கடுமையாக இருந்தது: சாப்பாடு வைக்கும் கையைக் குரங்கு காணக்கூடாது. குரங்குகளை அடுத்த கூட்டுக்கு மாற்றி, வெறுங்கூட்டில் அங்கங்கே ஒளித்துவைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

"மனிசரைக் கண்டால் பயப்பிட வேணும் அக்கா. அந்தப் பயம்தான் உதுகளுக்குக் காவல்" என்று மிருக வைத்தியர் நிவேதனா முதல்நாளே சொல்லியிருந்தாள்.

கேதீஸ்வரி தலையாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் செல்வச்சன்னிதி முருகன் கோயிலடி மடத்தில் அன்னதானச் சோறு வாங்கிக்கொண்டு வருவாள். அன்னத்தைப் பழத்தோல்போலத் தரையில் போட அவளுக்குக் கை வரவில்லை. மற்றவர்கள் தேநீருக்குப் போனதும், ஏழாம் இலக்கக் குரங்குக்குக் கம்பிவலைக்குள்ளால் உருட்டி உருட்டிக் கொடுத்தாள். கழுத்தில் சங்கிலித் தழும்போடு வந்த குரங்கு அது. எட்டு மாதம் இப்படியே போயிற்று.

ஆவணியில் சோதனை நடந்தது. குரங்குகள் முன்பின் கண்டிராத ஒருவர் வாழைப்பழத்தோடு கூட்டருகே போனார். ஒன்பது குரங்குகளில் எட்டு, கத்திக்கொண்டு உச்சிக் கொப்புக்கு ஏறின. ஏழாம் இலக்கம் மட்டும் இறங்கி வந்து, வலைக்குள்ளால் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தது.

"அவர் பந்தியிலை இருந்திட்டார். இலை போடுங்கோ" என்றான் வேலையாள் மயூரதன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிவேதனா சிரிக்கவில்லை. "ஆரோ கையாலை குடுத்திருக்கினம்" என்றவள், காவலாளி செல்வரட்ணத்தைப் பார்த்தாள். குருநகர்க்காரரான அவர் குரங்குகளோடு வாய் ஓயாமல் கதைப்பவர். "அண்ணை, நீங்களோ? திங்களுக்குள்ளை சொல்லுங்கோ. இல்லாட்டி நான் மேலை அறிவிக்க வேண்டி வரும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். கேதீஸ்வரி கையிலிருந்த பப்பாசியை வெட்டிக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை, நிலையத்து வாசல் படலையடியில் செல்வரட்ணத்தைக் கண்டதும் நின்றாள்.

"அண்ணை, அது நான்."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. வெள்ளிக்கிழமையிலை உம்மடை பையிலை சாம்பார் மணக்கும்."

"தெரிஞ்சுமோ பேசாமல் நிண்டனீங்கள்?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்தனான்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவரைத் தாண்டி வைத்தியர் அறைக்குள் போய், கதிரையில் இருக்காமலே நிவேதனாவிடம் சொன்னாள்: "டொக்டர், கையாலை குடுத்தது நான். கோயில் சோறு. அண்ணைக்கு உதிலை பங்கில்லை."

நிவேதனா பேனாவை மூடிவைத்தாள். "உங்களை நிப்பாட்டினால் எனக்கு லேசு அக்கா. ஆனால் அது உங்களைத்தான் நம்புது. நம்பின ஆள்தான் பயப்பிடுத்திக் கலைக்க வேணும்."

புதன்கிழமை மற்ற எட்டுக் குரங்குகளையும் வன்னிக் காட்டுக்கு ஏற்றிப்போனார்கள். பின்னேரம் கேதீஸ்வரி ஒரு தகரமும் தடியும் கொண்டு தனிக்கூட்டுக்குப் போனாள். ஏழாம் இலக்கம் ஓடிவந்து கையை நீட்டியது. தகரத்தைத் தடியால் தட்டினாள். அது கையை எடுக்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தது. "போ" என்று கத்தி இன்னும் பலமாகத் தட்டினாள். மூன்றாம் முறை அது பல்லைக் காட்டிக் கீச்சிட்டு மூலைக்குப் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் கழித்தது.

நிவேதனா குறிப்புக் கொப்பியோடு தூரத்தில் நின்றாள். "ஓடிற்றோ?"

"ஓம்."

"முகத்தைத் திருப்பாதேங்கோ அக்கா. பயப்பிட வேண்டிய முகம் எது எண்டு அது பாக்க வேணும்."

கேதீஸ்வரி கூட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "நாளைக்குமோ டொக்டர்?"

"நாளைக்கும். உங்களைக் கண்ட உடனை அது ஓடுற வரைக்கும்."