கை நனைக்காமல் போனவர்கள்

என் மகளைப் பெண் கேட்டு அடிவாரத்து ஊரிலிருந்து வந்தார்கள். பையனும் அவளும் திருப்பத்தூரில் ஒரே துணிக்கடையில் வேலை செய்கிறவர்கள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பெரியவர்கள் பேசி முடித்து, எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சாமைச் சோறும் கோழிக் குழம்பும் ஆக்கியிருந்தேன். இலை போட்டேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தண்ணீர் மட்டும் குடித்தார்கள். நல்ல விதமாகப் பேசிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் மலையில், வந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீடு வேண்டாம் என்று அர்த்தம். பகையாளிதான் அப்படிப் போவான். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது.

"மலைக்காரன் சோறுன்னா அவ்ளோ எளப்பம்" என்றார்.

பையன் மகளிடம் போனில் சொன்னான். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லையாம். நாங்கள் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டால்தான் சம்பந்தம் முடிந்த மாதிரியாம். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம் சோற்றைத் தொடாதவர்கள் வீட்டில் நமக்கு என்ன வேலை என்றார்.

மகளை இவர் வேலைக்கு அனுப்பவில்லை; அவள் புளி உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் காணாததால் அவர்கள் வேறு இடத்தில் பெண் பார்க்கப் போவதாகச் சேதி வந்தது.

"கீழ போய்ட்டு வர்றேன்" என்றேன். இவர் எதற்கென்று கேட்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினேன்.

பையனின் அம்மா பாய் போட்டு உட்கார வைத்தாள். நேராகவே கேட்டேன்.

"எங்க வூட்டு சோறு இன்னா பண்ணுச்சுங்க?"

அவள் பதறிப்போனாள். "ஐயோ, எளப்பம் இல்லக்கா. எங்க பெரியவங்க ஆந்திரா பக்கமிருந்து பொழைக்க வந்தவங்க. வழியில யாரு எவருன்னு தெரியாது. சம்பந்தம் ஆனாதான் சோறுன்னு வெச்சுட்டாங்க."

இன்றும் அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுகிறார்கள்.

"எங்காளுங்களும் வந்தவங்கதான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மேல ஏறினாங்கன்னு சொல்லுவாங்க" என்றேன். "மேல மனுசாளே இல்ல. ஒருத்தன் வந்தா சோறு போட்டு உக்கார வெச்சுடுவாங்க. வுட்டா போய்டுவானே."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே போய் இலை கொண்டுவந்து போட்டாள்.

தம்பி என் காதருகே குனிந்தான். "மாமா இல்லாம சாப்ட்டா, நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆய்டும்க்கா."

"தெரியும்" என்றேன்.

நெல்லுச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் கம்மி. மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். தம்பியும் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது இவர் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

கயிற்றை முடிந்தார். முடிச்சு சரியாக விழவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து மறுபடியும் முடிந்தார்.

"ஊர்க் கவுண்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பச் சொன்னார்.